பெண் கொடுத்தால் பகை தீருமா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேலூர்க் கோட்டையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராஜா வீட்டுக் கல்யாணம், வாரிசு, சொத்து பற்றியே இருந்தன. சரி, இந்த முறை அதையே பேசிவிடுவோம் என்று மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

அய்யா, எங்களுக்கும் எங்கள் மாமன் முறை வரும் ஒரு குடும்பத்துக்கும் நிலத் தகராறு, பேச்சுவார்த்தையே இல்லை. "பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும், ராஜாக்களே அப்படித்தானே செய்தார்கள்" என்கிறார் என் பாட்டி. உண்மையா?
வாசகி, காட்பாடி

பாட்டி சொல்வதில் பாதி சரி அம்மா. பெண் கொடுத்த அன்றைக்குப் பகை அடங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்ததும் கணக்கு மாறிவிடும். பெண் கொடுத்த வீடு எதிர்பார்ப்பது மாப்பிள்ளையின் நட்பை மட்டுமில்லை, தன் பேரன் சிம்மாசனத்தில் உட்காருவதையும்தான். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே வந்துவிடும் திருவல்லத்தில் (இப்போது எல்லோரும் திருவலம் என்கிறோம்) இதற்காகவே ஒரு போர் நடந்திருக்கிறது.

சோழ மன்னர் முதலாம் ஆதித்தனுக்கு இளங்கோன் பிச்சி என்று ஒரு அரசி. வல்லவரையர் மகள் என்று கல்வெட்டு அவரைச் சொல்கிறது. அந்த வல்லவரையர் ராஷ்டிரகூட மன்னர் இரண்டாம் கிருஷ்ணன் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆதித்தனின் பிள்ளைகளில் ஒருவர் பெயர் கன்னரதேவன். கிருஷ்ணன் என்ற பெயரைத்தான் கன்னட நாட்டில் கன்னரன் என்று வழங்கினார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற பழக்கம் நமக்குத் தெரியாததா? அதை வைத்தே கன்னரனை இந்த அரசியின் மகன் என்று இணைக்கிறார்கள்.

907-ல் பட்டத்துக்கு வந்தவர் கன்னரதேவன் இல்லை, ஆதித்தனின் இன்னொரு மகன் பராந்தகன். கிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை, படையோடு தெற்கே இறங்கினார். இந்தப் பக்கத்தை ஆண்டுகொண்டிருந்த வாணர்கள் அவரோடு சேர்ந்தார்கள், கங்கர் குலத்து இரண்டாம் பிருதிவீபதி பராந்தகனோடு நின்றார். வல்லாளம் என்ற இடத்தில் நடந்த சண்டையில் பராந்தகன் ஜெயித்தார். அந்த வல்லாளம்தான் நம் திருவல்லம். 916 வாக்கில் வெட்டப்பட்ட சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டு பிருதிவீபதியின் வீரத்தைப் புகழ்கிறது.

இதில் என் மனதில் தைத்துக் கிடப்பது இன்னொரு செய்தி. திருவல்லம் கோயில் கல்வெட்டில் குந்தவ்வை என்று ஓர் அரசி வருகிறார். கங்கர் முதலாம் பிருதிவீபதியின் மகள், வாணவித்தியாதரன் என்ற வாண மன்னரின் மாதேவி. அந்த முதலாம் பிருதிவீபதியின் மகன் மாரசிம்மன், மாரசிம்மனின் மகன்தான் மேலே சொன்ன இரண்டாம் பிருதிவீபதி. அப்படியென்றால் குந்தவ்வை அவருக்கு அத்தை. போர் முடிந்ததும் பராந்தகன் வாணர்களை விரட்டிவிட்டு வாண நாட்டையும் வாணாதிராஜன் என்ற பட்டத்தையும் இந்தப் பிருதிவீபதிக்குக் கொடுத்தார். அத்தை வாழ்க்கைப்பட்டுப் போன நாடு, அத்தை புகுந்த வீட்டுக்காரர்களைத் துரத்திவிட்டு, மருமகன் கைக்கு வந்தது. கங்கரும் வாணரும் சம்பந்தம் செய்தபோது மணப்பந்தலில் இருந்த யாராவது இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா?

அதனால் உங்கள் வீட்டு விஷயத்தில் என் யோசனை இதுதான். முதலில் நிலத்தை அளந்து, எல்லையைப் பத்திரத்தில் தீர்த்து எழுதுங்கள். அப்புறம் பெண் கேட்கட்டும். தீராத வழக்கோடு ஒரு பெண்ணை அனுப்பினால் அந்தப் பாரம் அவள் தலையிலும் அவள் பிள்ளைகள் தலையிலும்தான் விழும்.

வேலூர்க் கோட்டைக்குள் ஒரு ராஜ குடும்பத்தையே கொன்றார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். கதையா, நிஜமா?
வாசகர், வேலப்பாடி, வேலூர்

நிஜம். 1614-ல் நடந்தது. இடைக்காலம் என்று பாடப் புத்தகம் போடுகிற எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது, ஆனாலும் வாரிசுச் சண்டை எப்படி முளைக்கிறது என்பதற்கு நம் மண்ணில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்த பிறகு ராயர் குடும்பம் பெனுகொண்டா, சந்திரகிரி என்று நகர்ந்து வந்தது. 1586-லிருந்து 1614 வரை ஆண்ட வேங்கடபதி ராயர் கடைசிக் காலத்தில் வேலூரைத் தலைநகராக்கிக்கொண்டார். அவருக்கு மனைவிகள் பலர் உண்டு, ஆண் வாரிசு இல்லை. அரசிகளில் ஒருவர் கொப்பூரி என்ற பெரிய தெலுங்குக் குடும்பத்துப் பெண். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஜக்கராயர் பலமான ஆள். அந்த அரசி வேறு யாரோ பெற்ற குழந்தையைத் தான் பெற்றதாகக் காட்டி அரண்மனையில் வளர்த்தார் என்று அந்தக் காலத்துப் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பாரதாஸ் எழுதி வைத்திருக்கிறார். ராயருக்கும் இது தெரியும், ஆனாலும் பையனை விலக்கவில்லை. கடைசியில் சாகும் தறுவாயில், அந்தப் பையனை விட்டுவிட்டுத் தன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை அரசனாக்கினார்.

ஜக்கராயர் பக்கம் நின்று யோசித்தால், அவர் தங்கை மகன் பட்டத்துக்கு வந்தால் தாய்மாமனாக நாட்டையே நடத்தலாம். நம் வீடுகளில் காது குத்தலிலிருந்து கல்யாணம் வரைக்கும் தாய்மாமன் முன்னால் நிற்பதில்லையா, அந்த இடம் அரச வீட்டில் கஜானாவரை நீளும். அது கைநழுவியதும் அவர் கூட்டாளிகளோடு கோட்டையைப் பிடித்தார், ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறையில் வைத்தார், சின்னப் பையனுக்கு முடிசூட்டினார். தலைவர்கள் பலரும் பணிந்துவிட்டார்கள். வெலுகோட்டி யாசம நாயக்கர் மட்டும் வணங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அரண்மனைக்குத் துணி எடுக்க வரும் சலவைத் தொழிலாளி ஒருவர், யாசமர் ஏற்பாட்டில், ஸ்ரீரங்கனின் இரண்டாவது மகன் ராமனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயதுபோல. அந்தத் தொழிலாளியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, எனக்கு அது பெரிய குறை. மற்றவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. மீட்கும் முயற்சி ஜக்கராயருக்குத் தெரிந்துபோக, ஸ்ரீரங்கனும் குடும்பமும் கோட்டைக்குள்ளேயே உயிரிழந்தார்கள்.

செய்தி பரவியதும் அதுவரை வாய் மூடியிருந்த தலைவர்கள் பலர் யாசமர் பக்கம் வந்தார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் சிறுவன் ராமனுக்குத் துணை நின்றார், மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம். கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் பெரும் போர். ஜக்கராயர் அதில் மாண்டார். ராமதேவராயர் அரசரானார், ஆனால் ஜக்கராயரின் சகோதரர் எதிராஜர் விடாமல் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

அது எப்படி முடிந்தது தெரியுமா? கல்யாணத்தில். ராமதேவராயர் எதிராஜரின் மகளை மணந்துகொண்டார். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் அத்தனை பேர் சாவுக்கும் காரணமான மனிதரின் தம்பி வீட்டுப் பெண்! அந்தப் பையன் என்ன மனதோடு மாலை மாற்றினான், அந்தப் பெண்தான் எந்த மனதோடு வந்தாள் என்று யாரும் எழுதவில்லை. நாடு களைத்துப்போயிருந்தது, இரண்டு பக்கமும் இழப்பதற்கு ஆள் மிச்சமில்லை, அதனால் சம்பந்தம் செய்துகொண்டார்கள். அரச வீட்டுக் கல்யாணம் என்றால் பட்டும் நகையும் நினைவுக்கு வருகிறவர்கள், அகழி ஓரமாக நடக்கும்போது ஒரு தடவை இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

தக்கோலத்தில் ராஜாதித்தரைக் கொன்ற பூதுகன் ராஷ்டிரகூடரின் தளபதிதானே? வேறு ஒருவரின் போரில் அவருக்கு ஏன் அவ்வளவு வேகம்?
கல்லூரி மாணவர், அரக்கோணம்

தம்பி, அவர் சம்பளத்துக்கு வந்த தளபதி இல்லை, அந்த வீட்டு மாப்பிள்ளை. கங்க மன்னர் இரண்டாம் பூதுகன் மணந்தது ரேவகநிம்மடியை, அதாவது ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணனின் உடன்பிறந்தவரை. அவருக்குச் சீதனமாகப் புலிகெரெ 300, பெள்வொல 300, கிசுகாடு 70, பாகெநாடு 70 என்ற நாடுகள் கொடுக்கப்பட்டதாக ஹெப்பால் கல்வெட்டு சொல்கிறது. அந்த எண்கள் ஊர்த்தொகுதிகளைக் குறிப்பவை. பதிலுக்கு, பூதுகன் கங்க அரியணையை ராசமல்லனிடமிருந்து பறித்தபோது கிருஷ்ணன் உதவினார். மச்சானுக்கு மச்சான் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டவர்கள்.

949-ல் தக்கோலத்தில் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தார். அதனால்தான் "ஆனைமேல் துஞ்சினார்" என்று அவருக்குப் பெயர். கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூரில் இருந்த ஒரு கல், கொன்றவர் பூதுகன் என்கிறது; அதற்குப் பரிசாகக் கிடைத்தவற்றில் சீதனத்தில் வந்த அதே நாடுகளோடு வனவாசி 12000-மும் சேர்ந்து வருகிறது. சீதனம் எது, போர்ப் பரிசு எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒரே கணக்கில் ஓடுவதைக் கவனியுங்கள்.

அந்தக் கல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது முதலில் ஒரு நாய்க்கு வைத்த நினைவுக்கல். பூதுகனின் வீரன் மணலேரன், தனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அது ஒரு பன்றியோடு மோதி, பன்றியும் நாயும் செத்தன. அந்த நாய்க்காக நட்ட கல்லில்தான் நம் தக்கோலத்துப் போர்க்கணக்கும் பதிவாகியிருக்கிறது.

உறவு அதோடு நிற்கவில்லை. கிருஷ்ணனின் மகனுக்குப் பூதுகனின் மகளைக் கொடுத்தார்கள், அவர்கள் பிள்ளை நான்காம் இந்திரன். 973-ல் தைலபன் ராஷ்டிரகூட ஆட்சியைக் கவிழ்த்தபோது இந்த இந்திரனைச் சிம்மாசனத்தில் ஏற்றப் பாடுபட்டவர் யார் என்கிறீர்கள்? பூதுகனின் மகன் மாரசிம்மன், அதாவது தாய்மாமன்! முயற்சி பலிக்கவில்லை. இருவருமே பின்னால் சமண முறைப்படி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார்கள், இந்திரன் 982-ல் சிரவணபெளகொளாவில்.

அந்தக் காலத்திலும் வரதட்சணை உண்டா? சாதாரண மக்கள் வீட்டில்?
வாசகி, பள்ளிகொண்டா

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, தேவராய மகாராயர் காலத்தது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், அவர்களில் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட நாட்டிலிருந்து வந்தவர்கள்) எல்லோரும் கூடி எழுதிக்கொடுத்த ஒப்பந்தம். இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுக்க வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தவருக்கும் பொன் கொடுத்துப் பெண் எடுத்தவருக்கும் ராஜ தண்டனை, சமூகத்திலிருந்தும் விலக்கு. அன்றைக்குக் காசு போனது மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு என்பது இதிலிருந்து தெரிகிறது. திசை மாறியிருக்கிறது, பேரம் மாறவில்லை. 600 வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து இது தப்பு என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டும் இன்னும் நாம் சவரன் கணக்குப் பேசுகிறோம் என்பது எனக்கு வருத்தம்தான்.

இங்கிலாந்து ராஜாக்கள் பற்றிய தொடர் பார்த்தேன். அங்கே அத்தை மகனைக் கட்டக் கூடாதாமே? அப்படியென்றால் சொத்து வெளியே போய்விடாதா?
வாசகி, குடியாத்தம்

நல்ல கேள்வி, நேராக மையத்துக்கு வந்துவிட்டீர்கள். ஆமாம், ஐரோப்பாவில் கத்தோலிக்கத் திருச்சபை ஏழு தலைமுறை உறவுக்குள் கல்யாணம் கூடாது என்று விதி வைத்திருந்தது. 1215-ல் அதை நான்காகக் குறைத்தார்கள். அரச குடும்பங்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் விதிப்படி பார்த்தால் யாரையுமே கட்ட முடியாது. அதனால் போப்பிடம் விலக்கு வாங்குவார்கள். மனைவியை விலக்கவேண்டும் என்றால் அதே விதியை எடுத்து, நாங்கள் உறவுக்காரர்கள், இந்தக் கல்யாணமே செல்லாது என்பார்கள்.

பிரான்சின் தென்மேற்கில் இருந்த அக்கித்தேன் நாட்டு வாரிசு எலியனோர் 1137-ல் பிரான்சின் ஏழாம் லூயியை மணந்தார். இரண்டும் பெண் குழந்தைகள். 1152 மார்ச்சில் உறவுமுறையைக் காரணம் காட்டிக் கல்யாணம் ரத்தானது. இரண்டே மாதத்தில், மே மாதம், ஆஞ்சூவின் ஹென்றியை மணந்தார், அவரும் உறவுக்காரர்தான்! 1154-ல் ஹென்றி இங்கிலாந்து அரசரானார், எலியனோரோடு வந்த அக்கித்தேனும் அவர் பக்கம் போய்விட்டது. பிரான்சும் இங்கிலாந்தும் பின்னால் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டதற்கு அந்த நிலமும் ஒரு காரணம்.

நம் பக்கம் முறைப்பெண், முறைமாமன் என்று இருந்ததால் கதை வேறு மாதிரி போனது. ராஜராஜ சோழன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு (கடலோர ஆந்திரா) சாளுக்கிய மன்னர் விமலாதித்தனுக்குக் கொடுத்தார். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு, ராஜராஜ சோழனின் மகன் ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தார், அதாவது நரேந்திரன் மாமன் மகளைக் கட்டினார். அவர்கள் மகனுக்கு இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகி, அதுவும் மாமன் மகள்தான். மூன்று தலைமுறை விடாமல் பெண் கொடுத்துக்கொண்டே வந்ததில், 1070-ல் சோழர் வீட்டில் ஆண் வழி அறுந்தபோது, அந்த மதுராந்தகியின் கணவர் வந்து முதலாம் குலோத்துங்கனாக முடிசூடிக்கொண்டார். தந்தை வழியில் சாளுக்கியர், தாய் வழியில் சோழர். சொத்து வெளியே போகவில்லை, வெளியே போன பெண்களின் வழியாகத் திரும்பி வந்தது. ஆனால் சண்டை இல்லாமல் வந்தது என்று நினைக்காதீர்கள். விமலாதித்தனின் இன்னொரு மனைவி மகன் விஜயாதித்தன் வேங்கியைக் கேட்டு வாழ்நாளெல்லாம் போராடினார், மேலைச் சாளுக்கியர்கள் அவர் பின்னால் நின்றார்கள். குலோத்துங்கன் முடிசூடியபோது அங்கே எரிச்சலடைந்தவர் ஆறாம் விக்கிரமாதித்தன், வீரராஜேந்திர சோழனின் மருமகன். அவருக்கும் சோழ வீட்டில் உரிமை இருந்ததே!

அரச குடும்பத்துப் பெண்களுக்குச் சொந்தமாகச் சொத்து இருந்ததா, எல்லாம் கணவர் பேரில்தானா?
வாசகி, ராணிப்பேட்டை

இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டச் சொன்ன வாசகத்தைப் பாருங்கள்: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்". தனக்கு அடுத்தபடி அக்கா, அதற்குப் பிறகுதான் மனைவிகள். அக்கா குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி, கல்யாணமாகிப் போனவர், ஆனாலும் பிறந்த வீட்டின் பேரோடு, தன் கையால் கொடுக்கிறார். அப்பா சுந்தர சோழனுக்கும் அம்மா வானவன் மாதேவிக்கும் படிமம் செய்து வைத்ததும் அவர்தான். போளூர் பக்கம் திருமலையில் இருக்கும் சமணக் கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்றே பெயர். கொடுக்க வேண்டுமானால் கையில் இருந்தாக வேண்டுமே.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் பார்க்க எங்கே போகலாம்?
வாசகர், சத்துவாச்சாரி

காலையில் திருவல்லம், அங்கிருந்து பொன்னை ஆற்றை ஒட்டியே வடக்கே மேல்பாடி. பஸ்ஸை நம்பிப் போவதைவிட வண்டியில் போவது நல்லது. தக்கோலத்தில் ஜெயித்த மூன்றாம் கிருஷ்ணன் 959-ல் மேல்பாடியில் பாசறை போட்டுத் தங்கித்தான் தெற்கே பிடித்த நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார், அவருடைய கர்ஹாட் செப்பேடு இங்கிருந்து கொடுக்கப்பட்டது. அதே ஊரில், ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசருக்கு நினைவாக எழுப்பும் கோயில் கட்டினார். தக்கோலத்தில் மாண்ட ராஜாதித்தனின் தம்பி அந்த அரிஞ்சயன், "ஆற்றூர்த் துஞ்சின தேவர்" என்பார்கள். கல்வெட்டில் அரிஞ்சிகை ஈஸ்வரம், இப்போது சோழீஸ்வரம். தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. சின்னக் கோயில்தான், ஆனால் அவசரப்படாமல் சுற்றி வந்து சுவரில் எழுத்தைத் தேடுங்கள், வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும்.